வெங்காயக் கலர், தாமரைக் கலர், ராணிக் கலர்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியைப் பார்த்த ஒரு சேலைக் கடையில், நான் சில வருடங்கள் பட்டுப் பகுதியில் நின்றேன். வேலை செய்தேன் என்பதைவிட நின்றேன் என்பதே சரி. அங்கே நாற்காலி எல்லாம் வாங்க வருகிறவர்களுக்குத்தான்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. சேலையை மேசையில் விரித்துக் காட்டினால் மட்டும் போதாது. விற்கிறவள் அதைத் தன் தோளில் போட்டு, பெரிய கண்ணாடிக்கு முன்னால் நின்று, முகத்தைச் சற்றே திருப்பிக் காட்ட வேண்டும். வருகிறவர்கள் கரையைப் பார்க்கிறோம், தலைப்பைப் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு எங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். முகம் பிடித்தால் சேலையும் பிடித்துவிடும்.

என்னோடு நின்றவள் இதில் பெரிய கெட்டிக்காரி. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடித்து வருவாள். நான் எவ்வளவு கறுப்போ அவளும் அவ்வளவு கறுப்பு. ஆனாலும் நான் தோளில் போட்டால் சேலை வெறும் சேலையாகத்தான் இருக்கும். அவள் போட்டால், பக்கத்து மேசையில் பேரம் பேசிக்கொண்டிருப்பவர்கள்கூடக் கதையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குப் பொறாமை இல்லை என்றால் அது பொய். ஆனால் பொறாமையைவிடப் பெருமைதான் கூட.

ரோஸ் மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் ஆகாது என்றுதான் நாங்களும் நம்பியிருந்தோம். "கறுப்புக்கு ரோஸ் எடுக்காது" என்று தாய்மார் மகள்மாருக்குச் சொல்வதைத் தினமும் கேட்டுக் கேட்டு வந்த நம்பிக்கை அது. வெங்காயத் தோலைப் போல மங்கிய ரோஸைக் கடையில் வெங்காயக் கலர் என்போம். அதைவிடக் கொஞ்சம் தெளிந்தது தாமரைக் கலர். கண்ணைப் பறிக்கிறது ராணிக் கலர். இந்த மூன்றும் அநேகமாக விலைபோகாமல் மேல்மாடி ஸ்டோரில் கட்டுக்கட்டாகக் கிடந்தன.

ஒரு நாள் அவளுடைய கீழுதட்டு ஓரத்தில் மிளகளவு ஒரு வெளிறல் தெரிந்தது. சூடாகத் தேத்தண்ணி குடித்தது சுட்டிருக்கும் என்றாள். சில மாதங்களில் கீழுதடு முழுவதும் நிறம் கழன்று ரோஸாகிவிட்டது. மேலுதடு பழையபடியே இருந்தது. தோல் டொக்டரிடம் நானும் கூடப் போனேன். வெண்புள்ளிதான், யாருக்கும் தொற்றாது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். அவர் சொன்னது எங்களுக்கு விளங்கியது. கடைக்கு வருகிறவர்களுக்கு யார் விளங்கப்படுத்துவது?

அவள் கபில நிற லிப்ஸ்டிக்கை அப்பி மறைத்தாள். மத்தியானம் சாப்பிட்டதும் அது பாதி போய்விடும். ஓடிப்போய் மறுபடி அப்புவாள். ஆடி கழிந்த ஒரு மாலை, மகளின் கலியாணத்துக்குக் கூறைச் சேலை எடுக்க ஓர் அம்மா வந்தார். மகள் வேலைக்குப் போயிருந்ததால் தனியாகத்தான் வந்திருந்தார். என் தோழி கூறையைத் தோளில் போட்டுத் திரும்பினாள். அந்த அம்மா அவளுடைய உதட்டைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் சேலையை அவள் தோளிலிருந்து இழுத்து எடுத்துக்கொண்டு, என்னிடம் சொன்னார்:

"நீங்கள் வந்து காட்டுங்கோ. இந்தப் பிள்ளை தொட வேண்டாம். நல்ல காரியத்துக்கு எடுக்கிறது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காட்டினேன். அவள் மடித்த சேலையையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டு நின்றாள்.

முதலாளி கொடுமைக்காரர் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட நான் திருப்பிக் கோபப்பட்டிருப்பேன். அவர் அவளிடம் தணிந்த குரலில்தான் சொன்னார்: "தீபாவளி வரைக்கும் கீழ ஆள் வேணும்மா. அது முடிஞ்சதும் நீ மேல ஸ்டோரைப் பாத்துக்க. கஸ்டமர் ஒரு மாதிரி பேசுறாங்க, என்ன செய்ய?"

சம்பளத்தில் குறைவில்லை. ஆனால் கண்ணாடி போய்விடும். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தவள் இனி யன்னல் இல்லாத அறையில் அட்டைப் பெட்டி அடுக்க வேண்டும்.

அடுத்த கிழமை அவள் வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கீழுதட்டில் ஒன்றுமே இல்லை, அது தன் ரோஸில் அப்படியே இருந்தது. மேலுதட்டில்தான் லிப்ஸ்டிக், அதுவும் ராணிக் கலர். ஐஸ்பழம் தின்றுவிட்டு வாய் துடைக்காதவள் போல இருந்தாள்.

"உனக்கென்ன விசரா?" என்றேன்.

"இவ்வளவு நாளும் கீழ்ச் சொண்டை மேல்ச் சொண்டு மாதிரி ஆக்கப் பாத்தன், சரிவரயில்ல. இனி மேல்ச் சொண்டு கீழ்ச் சொண்டு மாதிரி வரட்டும்."

"இந்தக் கலர் சரியில்லையடி."

"ஓம், கொஞ்சம் கூடிப்போச்சு. நாளைக்குத் தாமரை."

மறுநாள் தாமரைக் கலர். உதட்டில் நேரே இழுக்காமல், விரல் நுனியில் எடுத்து மேலுதட்டில் தட்டித் தட்டிப் பரப்பியிருந்தாள். இரண்டு உதடும் ஒன்றாகிவிட்டன. எது தானாக வந்தது, எது பூசியது என்று பக்கத்தில் நிற்கிற எனக்கே தெரியவில்லை. அந்தக் கறுப்பு முகத்தில் அந்த நிறம் அவ்வளவு அழகாக இருந்தது. எடுக்காது என்று சொன்னவர்களை எல்லாம் கூப்பிட்டு வந்து காட்ட வேண்டும் போலிருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் இன்றைக்கு என்ன செய்துகொண்டு வரப்போகிறாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வெங்காயக் கலரை உதட்டில் தொட்டு மிச்சத்தைக் கன்னத்தில் தேய்த்து வந்தால், பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்தவள் போல முகம் உயிரோடு இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வருவாள். அன்று திருநீறும் கன்னத்தில் லேசான தாமரையும் மட்டும்தான். ஐப்பசி பிறந்தபோது இடது கண் ஓரத்திலும் நிறம் கழன்றது. நான் கலங்கிப்போனேன். மூன்றாம் நாள் இரண்டு இமை ஓரத்திலும் ஒரே அளவாக ரோஸ் தடவி, மை கீறி வந்து நின்றாள். நோய் ஒரு பக்கம் வந்தால் இவள் மறுபக்கத்துக்குப் பூசிச் சரிக்கட்டிவிடுவாள். ராணிக் கலரையும் அவள் கைவிடவில்லை. இரண்டு உதட்டிலும் அதைப் பூசினால் முகத்தில் வேறு எதையும் தொடக்கூடாது என்று கண்டுபிடித்திருந்தாள். ஒரு சிங்கள அம்மா, "நங்கி, லிப்ஸ்டிக் எக கொஹென்த கத்தே?" என்று லிப்ஸ்டிக் வாங்கிய கடையின் பெயர் கேட்டுப் போனார்.

முதலாளி இதையெல்லாம் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேலே போக வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முந்திய நெரிசலில் அந்தக் கூறை அம்மா திரும்பவும் வந்தார். இந்த முறை மகளோடு, வரவேற்புச் சேலை எடுக்க. எனக்கு அந்த முகம் மறக்குமா? அவருக்குத்தான் எங்கள் முகம் ஞாபகமில்லை. கடைப் பிள்ளைகளின் முகத்தை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்! மகளும் எங்களைப் போல நல்ல கறுப்பு. தாய் மெரூனையும் பச்சையையும் தள்ளித் தள்ளி வைக்க, அந்தப் பெண் என் தோழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் தாமரைக் கலரில் இருந்தாள்.

"அம்மா, எனக்கும் இவ மாதிரி ரோஸ்தான் வேணும். அக்கா, என்ன லிப்ஸ்டிக் இது? இதையே கலியாணத்துக்கும் போடப்போறன்."

தாயும் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, "ஓம், நல்லாத்தான் கிடக்கு" என்றார்.

அந்த இடத்தில் லிப்ஸ்டிக்கின் பெயரைச் சொல்லிவிட்டுச் சிரித்தால் போதும். சேலையும் விற்றுவிடும், அந்த அம்மா ஏமாந்ததை நினைத்து நாங்கள் வருடக்கணக்கில் சிரிக்கலாம். நான் அதைத்தான் செய்திருப்பேன். அவள் மேசையில் இருந்த டிசுவை எடுத்து வாயை அழுத்தித் துடைத்தாள். மேலுதடு கறுத்துப் போனது. கீழுதடு ரோஸாகவே நின்றது.

"மேல இருந்தது லிப்ஸ்டிக், தங்கச்சி. கீழ இருக்கிறது எனக்குத் தானா வந்தது. வெண்புள்ளி. தொட்டா ஒட்டாது. ஆனா சிலபேருக்கு நான் தொடுறது விருப்பமில்ல. அதான் முதலே சொல்லிப்போட்டன்."

தாயின் முகத்திலிருந்து அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது தெரிந்தது. பக்கத்து மேசைகளில் கதை நின்றுபோனது. முதலாளி கல்லாவை விட்டு எழுந்து நின்றார்.

மணப்பெண் அவளுடைய உதட்டை ஒரு கணம் பார்த்தாள். பிறகு நாடியை முன்னுக்கு நீட்டினாள்.

"எனக்கும் போட்டுக் காட்டுங்கோ, அக்கா."

அவள் போடவில்லை. தாயைப் பார்த்தாள். அந்த அம்மா மேசையில் கிடந்த பச்சைச் சேலையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்:

"கொஞ்சம் மெல்லிசாப் போட்டு விடுங்கோ, பிள்ளை."

அவள் விரல் நுனியில் எடுத்து அந்தப் பெண்ணின் உதட்டில் தட்டித் தட்டிப் போட்டாள். வெங்காயக் கலர்ப் பட்டுச் சேலையை மணப்பெண்ணின் தோளில் விரித்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். இரண்டு கறுப்பு முகங்கள் கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நான் அங்கேயே அழுதேன், எனக்கு வெட்கமாக இல்லை.

தீபாவளி முடிந்து கடை திறந்த காலையில், யாரும் சொல்வதற்கு முன்னால் அவளே கல்லாவுக்குப் போனாள். முகத்தில் ஒரு பூச்சும் இல்லை.

"முதலாளி, நான் இண்டைக்கு மேல போகணுமா?"

அவர் கணக்குப் பார்க்கிறவர் போலக் குனிந்திருந்தார்.

"ஓம், போ. போய் அந்த ரோஸ் கட்டெல்லாத்தையும் கீழ எடுத்துட்டு வா. காலையிலேயே ரெண்டு பேர் போன் பண்ணிக் கேட்டுட்டாங்க."

அவள் படியில் ஏறிப்போனாள். வெகு நேரமாக வரவில்லை. நான் பயந்து படியடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். நாடிவரைக்கும் ரோஸ் சேலைகளை அடுக்கிக்கொண்டு, கால் வைக்கிற இடம் தெரியாமல், ஒவ்வொரு படியாகத் தடவித் தடவி இறங்கிக்கொண்டிருந்தாள். மேலுதட்டில் தாமரைக் கலர் இருந்தது.