தம்பியும் எங்கள் பழைய வெல்டிங் மெஷினும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் தம்பியைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. “நினைவு மலர்ல அப்பாவை ‘அவர்’னு மரியாதையா எழுதுங்க பெரியப்பா” என்று தம்பி மகள் சொன்னாள். அறுபது வருடம் ‘டேய்’ என்று கூப்பிட்டவனை அப்படி எழுதக் கை வரவில்லை. உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தம்பி பிறந்தது கல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா யார்டில் ஃபிட்டர். பூர்வீகம் திருச்சிப் பக்கம். அப்பா காலமானபோது எனக்குப் பதினாறு, தம்பிக்குப் பன்னிரண்டு. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஒற்றை அறைக்கு வந்தோம். அம்மாவையும் தம்பியையும் தூக்கி நிறுத்தியவன் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை. ஹவுரா பட்டறைகளில் திட்டு வாங்கி வெல்டிங் கற்றேன். இருபத்தைந்து வயதில் சொந்த ஷெட் போட்டேன். இன்றைக்கும் தாஸ்நகரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் என் கை பட்ட கேட் ஒன்று நிற்கும். போய்ப் பாருங்கள்.

அந்த ஷெட்டுக்காக, மூடிய தொழிற்சாலை ஒன்றின் ஏலத்தில் பழைய வெல்டிங் மெஷினை எடுத்தேன். பாதி பீரோ உயரம், உள்ளே எண்ணெய், அடியில் நாலு இரும்புச் சக்கரம், தலையில் கரண்ட்டை ஏற்றி இறக்கும் கைப்பிடி. தூக்க ஆறு ஆள் வேண்டும் என்றார்கள். நானும் தம்பியும் இரண்டே பேர், தெருத் தெருவாகத் தள்ளிக்கொண்டு வந்தோம். கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்த எண்கள் வாங்கும்போதே அழிந்துபோயிருந்தன.

எங்கள் வேலைமுறை இதுதான். மெஷின் ஷெட்டுக்குள்ளே இருக்கும். வாசலில் முகமூடி போட்டுக்கொண்டு நான் வெல்டிங் அடிப்பேன். என் முதுகுக்குப் பின்னால் தம்பி கைப்பிடியோடு நிற்பான்.

“டேய், தீ பத்தல, ஏத்து!”

“சரிண்ணே!”

“போதும் போதும், இறக்கு!”

“சரிண்ணே!”

நாற்பது வருடம் இதே பேச்சுதான். கேட் வாங்க வருகிறவர்கள், “தாதா, உங்க கை தங்கம்” என்பார்கள். தாதா என்றால் இங்கே அண்ணன். “பின்னே? இவன் சும்மா கைப்பிடி சுத்தறவன்” என்று நான் தம்பியைக் காட்டுவேன். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

தம்பி யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. விஸ்வகர்மா பூஜைக்கு ஒரு தடவை, நம் ஆயுத பூஜைக்கு ஒரு தடவை என்று வருடத்தில் இரண்டு தரம் மெஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவான். “மெஷினுக்கு ரெண்டு நாள் லீவு, எனக்கு ரெண்டு நாள் வேலை” என்பான். என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, பிள்ளை இல்லாத எனக்கு அவன் வீட்டுச் சோறுதான் சோறு.

போன வருடம் அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். கடைசியாக என்னிடம் கேட்டது, “மெஷின்ல எண்ணெய் பாத்தியாண்ணே?” பார்த்தேன் என்று சொன்னேன். பார்க்கவில்லை.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து ஷெட்டைத் திறந்தேன். ஒரு ஜன்னல் கிரில், எனக்கு அது அரை நாள் வேலை. முதல் புள்ளியிலேயே இரும்பு ஓட்டையாகிவிட்டது. எழுந்து உள்ளே போய்க் கைப்பிடியைச் சுற்றிவிட்டு வந்தேன். அடுத்தது ஒட்டவே இல்லை. மறுபடி போனேன், மறுபடி வந்தேன். மூன்று நாளில் மூன்று கம்பி வீணாயிற்று. மெஷின் கெட்டுவிட்டது என்று பக்கத்துக் கடை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். கழற்றிப் பார்த்துவிட்டு, “மெஷின் நல்லாத்தான் இருக்கு தாதா” என்றார்.

அன்று சாப்பிடும்போது தம்பி மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அவள் குனிந்துகொண்டே சொன்னாள்:

“மாமா, கோவிச்சுக்காதீங்க. நீங்க ஏத்துன்னு கத்துவீங்க. இரும்பு மெலிசா இருந்தா உங்க தம்பி இறக்கிருவாரு. மெஷினோட உறுமல் சத்தத்துலயே தெரியுமாம். வாய் மட்டும் சரிண்ணேன்னு சொல்லுமாம்.”

“எப்போலேர்ந்து?”

“கல்யாணமான புதுசுலயே சொல்லிச் சிரிச்சாரு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“அண்ணன் கைதான் தங்கம்னு ஊரே சொல்லுது, நான் எதுக்குக் கெடுக்கணும்னாரு.”

பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினேன்.

தம்பி மனைவி நியூ டவுனில் மகளோடு போய் இருப்பதென்று முடிவானது. ஷெட்டில் பாதி தம்பியுடையது, விற்றுப் பங்கைக் கொடுக்கக் காலி செய்தாக வேண்டும். மெஷினை என்ன செய்வது? “என்கூட இருக்கட்டும், நானே ஓட்டுவேன்” என்று எல்லாரிடமும் சொன்னேன். ஓட்ட முடியாது என்று எனக்குத் தெரியும். பழைய இரும்புக்காரர் வந்தார், உள்ளே இருக்கும் செம்புக்காக. மெஷினை உடைக்கவா? அனுப்பிவிட்டேன். இன்னொருவர் வந்தார், நல்ல வெல்டர். “கூட ஆள் இருக்கா?” என்று கேட்டேன். “எதுக்கு தாதா? நான் ஒருத்தனே போதும்” என்றார். நானும் இப்படித்தான் பேசியிருப்பேன். இல்லை என்றுவிட்டேன். ஏழு மாதம் யாருக்கும் கொடுக்கவில்லை. “பெரியப்பா, அது வெறும் மெஷின்” என்றாள் தம்பி மகள்.

போன மாதம் உலுபேரியாவிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். இருவருமாகச் சின்னப் பட்டறை நடத்துகிறார்கள். ஓட்டிப் பார்க்கிறோம் என்றார்கள். அவர் வாசலில் முகமூடியோடு உட்கார்ந்தார். அந்த அம்மா கைப்பிடியைப் பிடித்தபடி, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார். நான் உள்ளே நின்றிருந்தேன்.

“ஏத்து!” என்று அவர் வங்காளியில் கத்தினார்.

“சரி சரி!” என்றார் அந்த அம்மா. கைப்பிடி இடப்பக்கம் போனது. இடப்பக்கம் என்றால் இறக்கம்.

வாசலில் தையல் போல வெல்டிங் விழுந்தது. “பாத்தீங்களா தாதா, என் கையை!” என்று அவர் முகமூடியைத் தூக்கினார். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எண்ணெயை மட்டும் பார்த்து, நிரப்பி அனுப்பினேன்.

ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர்களுக்கும், மயானத்துக்கு வந்த தெருக்காரர்களுக்கும், பதினாறு நாளும் சமைத்துப் போட்ட வங்காளி அக்காமார்களுக்கும், இந்த மலரை அச்சிட்ட தம்பி மகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தம்பிக்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன். தாஸ்நகர் கேட்டுகளில் பாதி அவனுடையது.

ஷெட்டில் இப்போது நாலு சக்கரத் தடம்தான் இருக்கிறது. நேற்று சாவியை ஒப்படைக்கப் போனபோது, “டேய், மெஷினை நல்ல இடத்துக்குத்தான்டா அனுப்பியிருக்கேன்” என்று உரக்கச் சொன்னேன். ‘சரிண்ணே’ என்று சொல்ல ஆள் இல்லை. இருந்திருந்தால், அவன் கை எந்தப் பக்கம் போகிறது என்று திரும்பிப் பார்த்திருப்பேன்.