டாக்டருக்காகக் கிடந்த பட்டினி

தெருமுனைத் தையல்கடைக்காரியைக் கத்திரியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். துணியை வெட்டும் வேகத்திலேயே வாயும் வெட்டும். அப்பேர்ப்பட்டவள் மாதம் ஒருமுறை டாக்டர் முன்னால் பெட்டிப்பாம்பாய் அடங்கி உட்காருவாள்.

ஒன்பது வருடமாகச் சர்க்கரை. அளவு கூடினால், "வாயக் கட்ட முடியாதா? சாகணும்னு ஆசையா?" என்று பத்துப் பேர் காதில் விழ டாக்டர் கேட்பார். துணி குவிந்த நாட்களில் அவள் மதியச் சாப்பாடு நாலு மணிக்கு என்பது அவருக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும்? மூன்று நிமிட வைத்தியத்தில் கேள்விக்கு ஏது இடம்?

திட்டுக்குப் பயந்து அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பரிசோதனைக்கு முந்தின மூன்று நாள் அரைவயிறு. அளவு நூற்றுப்பதினெட்டு. டாக்டர் மெச்சிக்கொண்டு மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். பெஞ்சில் காத்திருந்தவர்களில் பாதிப்பேருக்கு இந்த வித்தை தெரியும். அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

ஒருநாள் கடையில் தங்கை கேட்டாள்: "அக்கா, உன் கால்ல ஊசி ஏறியிருக்கே, வலிக்கலையா?"

வலிக்கவில்லை; சர்க்கரையில் பாதம் மரத்துப்போயிருந்தது. மிஷினை மிதிக்கிற வலது பாதம். உடைந்த ஊசியைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது. அந்தக் கால் போனால் பிழைப்பும் போச்சு.

ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப் போட்டுவிட்ட நர்ஸ் கேட்டாள்: "இங்க வராத நாள்ல எப்பக்கா சாப்பிடுவீங்க?"

ஒன்பது வருடத்தில் இதைக் கேட்ட முதல் ஆள். கத்திரியக்கா அழுதுவிட்டாள். பட்டினிக் கதையைக் கொட்டினாள். நர்ஸ் திட்டவில்லை. விரலில் குத்தி வீட்டிலேயே அளவு பார்க்கவும், பாதத்தைத் தினமும் சோதிக்கவும் சொல்லிக்கொடுத்தாள். தையல்கடையில் கண்ணாடிக்கா பஞ்சம்? வாடிக்கையாளர் சட்டை போட்டுப்பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்து உள்ளங்காலைப் பார்த்தாள்.

அடுத்த மாதம் எப்போதும்போல் சாப்பிட்டுவிட்டுப் போனாள். அளவு இருநூற்று எண்பத்தாறு. டாக்டர் வாயைத் திறப்பதற்குள் கட்டுப்போட்ட காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தாள்.

"இத்தன நாளா நீங்க பாத்தது, உங்க திட்டுக்குப் பயந்து பட்டினி கிடந்த அளவு சார். அத நம்பி மாத்திரையக் கொறச்சீங்க. இதுதான் என் நெச அளவு. திட்ட வேணாம், இதுக்கு மருந்து எழுதுங்க."

கதவு திறந்தேதான் இருந்தது. வெளியே பெஞ்சிலிருந்த ஒரு பெரியவர் டோக்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவரும் மூன்று நாளாக அரைவயிறு; வயிறாரச் சாப்பிடப் போனார்.