குடைக்காரர் செத்த படம்

படம் வெளியானபோது தியேட்டர்கள் ஈ ஓட்டின. பிறகு பையன்கள் அதைக் கைபேசியில் திரும்பத் திரும்பப் பார்த்து, வசனத்தையெல்லாம் மனப்பாடம் செய்து, தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அதில் விரித்த குடையோடு வாசலில் மாட்டிக்கொண்டு, "உள்ளயா வெளியயா, முடிவா சொல்லுங்க" என்று கேட்பவர்தான் இவர். அன்று முதல் தெருவுக்கே குடைக்காரர்.

அந்த இயக்குநரின் எல்லாக் கதைகளும் ஒரே கற்பனைத் தெருவில் நடப்பவை. ஒரு படத்தின் கதாநாயகன் அடுத்த படத்தில் பக்கத்து வீட்டுக்காரனாக வருவான். குடைக்காரரும் தவறாமல் தலைகாட்டுவார். அதை நம்பித்தான் கிடங்குக் காவல் வேலையை விட்டார். அந்தக் கற்பனைத் தெருவில் ஒரே சட்டம்: செத்தவர் திரும்பி வரக் கூடாது.

புதுப் படத்துக்கு உதவி இயக்குநர் கூப்பிட்டான். "அண்ணே, இந்த வாட்டி பெரிய சீன். நீங்க சாகறீங்க."

தையல்காரி மனைவிக்கு வாயெல்லாம் பல். "இத்தனை வருஷம் வாசல்லயே நின்னீங்க. இப்பவாச்சும் கட்டில்ல படுக்க வைக்கறாங்களே!"

"படுத்தா அப்புறம் எழுந்திருக்க முடியாதுடி."

அவள் சிரிப்பு நின்றது.

மகளாக நடிப்பவளின் கையைப் பிடித்தபடி உயிர்விட வேண்டும். முதல் டேக்கில் மனசார நடித்தார். விளக்குப் பிடித்திருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் ஃபோகஸ் தப்பிவிட்டது. மறுபடி எடுக்க வேண்டும் என்றார்கள்.

அந்த இடைவெளியில் அவருக்கு ஒன்று தோன்றியது. அழவைத்தால்தானே சாவு? சிரிக்கவைத்தால் பிழைத்துக்கொள்ளலாம். அடுத்த டேக்கில் மூச்சு நிற்கும் நேரத்தில் வாசல் பக்கம் திரும்பி, "உள்ளயா வெளியயா" என்றார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எத்தனை டேக் போனாலும் அதையே செய்தார். இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை.

"சரிண்ணே, வீட்டுக்குப் போங்க."

"அப்ப நான் சாகலையா தம்பி?"

"பாத்துக்கறேன்."

அன்று வீட்டில் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

படம் வந்ததும் கணவனும் மனைவியும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்கள். கட்டிலையே காணோம். மகள் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டே, "அப்பா போன மாசமே போயிட்டாரு" என்றாள். சுவரோரம் மடக்கிய குடை ஒன்று. உடனே காட்சி மாறிவிட்டது. யாரோ ஒருவர் 'த்சு' கொட்டினார். மனைவி இருட்டில் அவர் கையைத் தேடிப் பிடித்தாள். அது சில்லிட்டிருந்தது.

அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. ஒரு நாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பழைய கிடங்குக்கே போனார்.

"சார், காவல் வேலை எதாச்சும் இருக்குங்களா?"

மேற்பார்வையாளர் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். "டேய், எல்லாரும் வாங்கடா! செத்துப்போனவரு வேலை கேட்டு வந்திருக்காரு!"

"நிஜமாத்தான் சார் கேக்கறேன்."

"அய்யோ, அந்த மூஞ்சியப் பாருங்கடா!"

மூட்டை தூக்குபவர்கள் கைபேசியை நீட்டியபடி ஓடிவந்தார்கள். அவர் இன்னொரு முறையும் கேட்டார். சிரிப்பு இன்னும் அதிகமானது.