கொண்டலாத்தி வந்த மார்கழி

இந்த நாட்டில் பனிக்காலம் கிடையாது. பஞ்சாங்கம் மார்கழி என்று சொல்லும். முற்றத்தில் இறங்கினால் வேர்த்துக் கொட்டும். யாழ்ப்பாணத்தில் நீங்கள் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் விடியலில், கோலசிலாங்கூருக்குப் பக்கத்து றப்பர் தோட்டத்தில் நான் விசிறியோடு உட்கார்ந்திருப்பேன். ஆனாலும் குளிர்காலம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும். வடக்கே எங்கேயோ குளிர் பொறுக்காத பறவைகள் இங்கே வந்து இறங்கத் தொடங்கும்.

கலியாணமாகி நான் கப்பலேறி வந்த முதல் வருடம் அது கூடத் தெரியாமல்தான் இருந்தேன். என் கணவர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. விடியக் கந்தோருக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவார். கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துப் பெண்களோடு கிராணி வீட்டுப் பெண் பழகக்கூடாது என்பது எழுதாத சட்டம். பகல் முழுக்க என் குரலை நானே கேட்காத நாட்கள் உண்டு.

ஒரு மழைநாள் காலை, விறாந்தையில் ஒரு குருவி வாயைப் பிளந்தபடி கிடந்தது. பச்சை முதுகு, நீலச் செட்டை, வயிற்றடியில் சிவப்பு. "ஐயோ, ஆறுமணிக்குருவி!" என்று கத்திவிட்டேன். ஊரில் எங்கள் வளவில் ஐப்பசி பிறந்தால் வந்து, பின்னேரங்களில் கூப்பிடுகிற அதே குருவி! சத்தம் கேட்டு, வேலிக்கு அப்பால் கம்பம் என்கிற கிராமத்தில், தன் வீட்டுத் தாழ்வாரத்தில் விறகு பிளந்துகொண்டிருந்த மலாய்ப் பெண் ஓடி வந்தார். குருவியைக் காட்டி, "பூரோங் பாச்சாட்" என்றார். பாச்சாட் என்றால் அட்டை. தோட்டத்துக்கு வந்தவர்கள் முதலில் படிக்கிற மலாய்ச் சொல். குருவியை அட்டை கடித்திருக்கிறது என்று நினைத்து ஒவ்வோர் இறகாக விலக்கித் தேடினேன். அவர் மீண்டும் உரத்துச் சொன்னார். நான் பயந்துபோய்ச் சேலையைத் தூக்கி என் கால்களைப் பார்த்தேன். அவர் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தக் குருவிக்கே இங்கே அட்டைப் பறவை என்றுதான் பெயர் என்று பிறகுதான் விளங்கியது. உற்றுப் பார்த்தால் எங்கள் குருவியும் இல்லை. நீலம் அதிகம், நெஞ்சின் நிறம் வேறு. கூடையால் மூடி வைத்து மழை விட்டதும் திறந்தோம். புதருக்குள் ஓடி மறைந்தது.

அவர் பெயர் சித்தி. அன்றிலிருந்து புதிதாக எந்தப் பறவையைக் கண்டாலும் ஒருவருக்கொருவர் வேலியில் வந்து சொல்லிக்கொள்வோம். எனக்கு மலாய் போதாது. கையால் கொக்கைக் காட்டுவேன், வாயால் மீன்கொத்தியைக் கூப்பிடுவேன். றப்பர் மரம் சீவும் லயத்து மாரியாயி வழியில் நின்று இதைப் பார்த்தாள்; நான் சித்தி என்று கூப்பிடுவதும் அவள் காதில் விழுந்தது.

"ஏம்மா, அவங்க ஓங்க சித்தியா? ரெண்டு பேரும் என்னத்துக்குக் கையை ஆட்டிக்கிறீங்க?"

விஷயம் தெரிந்ததும் அவளும் சேர்ந்துகொண்டாள். றப்பர்ப் பால் நிறுத்துப் போட்டுவிட்டு வரும்போது ஏதாவது சேதி இருக்கும்: வாய்க்காலில் உள்ளான், பாலத்தடியில் பஞ்சுருட்டான்.

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. "உமக்கு வேற வேலையில்லையோ? மற்றக் கிராணிமார் என்ன நினைப்பினம்?"

"நினைக்கட்டும். நான் ஆரோடதான் கதைக்கிறது?" என்றேன்.

அடுத்த மார்கழியில் நான் பிள்ளைத்தாய்ச்சி. பிரசவத்துக்கு நாள் இருந்தது. அவர் கந்தோருக்குப் போன பிறகு ஒரு காலை, குசினியில் அடுப்படி ஈரத்தில் வழுக்கி விழுந்தேன். எழும்ப முடியவில்லை. நோவு தொடங்கிவிட்டது. கூப்பிட்டுப் பார்த்தேன், குரல் வேலிவரை கூடப் போகவில்லை. மரம் சீவப் போனவர்கள் மத்தியானத்துக்கு முன் திரும்பமாட்டார்கள். அம்மாவுக்குத் தெரியாமலே இங்கே செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்தேன்.

அப்போது வெளியே மாரியாயியின் குரல். "கிராணியம்மா! ஓடியாங்க! கொண்டலாத்தி வந்திருக்கும்மா, லயத்துப் பக்கம்! தலையில கொண்டையோட, நம்ம ஊரு கொண்டலாத்தி! கப்பலேறுனதுலேர்ந்து கண்ணுல படவேயில்ல!"

சீவின மரம் பாதியில் நிற்க, வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்குத் தெரியாமல் ஓடி வந்திருக்கிறாள். யாரிடமாவது சொல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை. நான் பதில் சொல்லாததால், ஒருநாளும் மிதிக்காத எங்கள் குசினிக்குள் வந்தாள். "ஆத்தாடி!" என்று அலறி, வேலிப்பக்கம் ஓடிச் சித்தியை அழைத்துவந்தாள்.

கம்பத்துப் பிள்ளைகளில் பாதி சித்தியின் கையில் பிறந்தவர்கள் என்று அன்றுதான் அறிந்தேன். அத்தனை மாதமும் பறவையைப் பற்றியே பேசியிருக்கிறோம். அவரைப் பற்றி நான் ஒன்றும் கேட்டதில்லை. அவர் என் இடுப்பைத் தாங்க, மாரியாயி வெந்நீர் போட, வெயில் ஏறும்போது பெண்பிள்ளை அழுதாள்.

சேதி கேட்டுக் கணவர் ஓடி வந்து வாசலில் நின்றார். இருவரையும் பார்த்துக் கைகூப்பினார். பின்னாலேயே மண்டோர், வேலையை விட்டுப் போனவளைத் தேடி வந்துவிட்டார்.

"நான்தான் கூப்பிட்டனான்," என்றார் என் கணவர்.

பிறகு ஒருநாள், விரித்த குடையை மடக்காமலே உள்ளே வந்தார். "ஆத்தங்கரையில ஒரு நீலக் குருவி கண்டனான். நீள மூக்கு. சித்தியிட்டயும் மாரியாயியிட்டயும் சொல்லும்."

அந்தக் கொண்டலாத்தியை நான் பார்க்கவேயில்லை. மறுநாளே போய்விட்டதாம். எங்கே போயிருந்தாலும் நன்றாயிருக்கட்டும்.

மகள் நடக்கத் தொடங்கியபின் ஒரு தை மாதம் அவளோடு யாழ்ப்பாணத்துக்குப் போனேன். கடலேரி முழுக்கப் பூநாரைகள், தண்ணீரே சிவந்ததுபோல. சின்ன வயதில் நான் திரும்பியும் பார்க்காத பறவைகள். அந்த நிறத்துக்கு மலாயில் என்ன சொல்லலாம் என்று தேடிக்கொண்டு நின்றேன்.

"என்ன பிள்ளை யோசிக்கிறாய்?" என்றார் அம்மா.

"இதைப் போய்ச் சொல்லவேணும்."

"ஆருக்கு?"

"எங்கட ஊர்ச் சனத்துக்கு" என்றேன்.

அம்மா திரும்பி, பனைகளுக்குப் பின்னால் எங்கள் ஊர் இருக்கும் பக்கம் பார்த்தார். நான் கப்பல் போகும் கடல் பக்கம் பார்த்தேன்.