சனியை விட்டுப்போகிற ஊர்

மூன்றாவதோடு படிப்பை விட்டவன் நான். கைதூக்கிவிட ஆளில்லாமல் திருநள்ளாற்றில் டீக்கடை போட்டு, மெஸ் நடத்தி, லாட்ஜும் கட்டினேன். வெளியூர்க்காரர்களுக்கோ இது சனியைத் தொலைக்கிற இடம் மட்டும்தான். குளித்துக் கும்பிட்டதும் ஓடிவிடுவார்கள். பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

எழுபதுகளின் கடைசியில், லாட்ஜில் தங்கிய சேலத்துக்காரர் ஒருவரின் மனைவிக்கு மாதம் முடியும் முன்பே வலி கண்டது. அவர் ஊருக்கே கிளம்பினார்.

"இங்க வேணாங்க. சனிய விட்டுட்டுப் போற எடத்துல புள்ள பொறக்கலாமா?"

"நாங்கல்லாம் இங்கதான் பொறந்தோம் தம்பி. கொம்பா மொளச்சிருக்கு? ஏறுங்க."

என் காரிலேயே காரைக்கால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. சேலம் போகிற வழியில் பிறந்திருந்தால் பிழைத்திருக்காது என்றார் டாக்டர்.

அதிலிருந்து, கர்ப்பிணிகளோடு வருகிறவர்களை இளைப்பாற வைக்காமல் நான் அனுப்புவதில்லை.

அந்தப் பையனிடம் அவன் கும்பகோணத்தில் பிறந்ததாகவே இன்றுவரை சொல்லிவருகிறார்கள் என்று போன மாதம் சேலத்துக்காரரின் உறவினர் வந்து சொன்னார். இதைப் படித்தால் அந்தத் தம்பி மகனிடம் உண்மையைச் சொல்லட்டும்: பிறந்தது காரைக்காலில், கார் ஓட்டியது நான்.