சுமைதாங்கிக்குப் போட்ட வேலி

எங்கள் சந்தியில் நிற்கும் சுமைதாங்கியை நான் அளந்திருக்கிறேன். இரண்டு தூண் கற்கள், குறுக்கே ஒரு கல், உயரம் என் தோள் மட்டும். தலையில் பாரத்தோடு வருகிறவர் யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் அதில் இறக்கி வைக்கலாம், திரும்ப ஏற்றலாம். வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன ஒரு பெண்ணுக்காக அவளுடைய வீட்டார் நட்டது. அப்படி நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். யாரோ ஒருவர் அங்கே பாரத்தை இறக்கும்போது அவளுக்கும் இறங்கும் என்று நம்பினார்கள்.

இப்போது யாரும் தலையில் சுமப்பதில்லை. கல்லும் நடுவதில்லை. என் அக்கா ஏழு மாதப் பிள்ளையோடு இறந்த பிறகு அம்மா அந்தப் பழைய கல்லுக்குத்தான் போகத் தொடங்கினார். வெள்ளிக்கிழமைகளில் ஒரு சிறு விளக்கு வைப்பார். கல்லில் கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் நிற்பார். வீட்டில் அழமாட்டார்.

போன வருடம் ஊர்ச் சங்கம் பழைய சின்னங்களுக்குப் பலகை வைக்க முடிவு செய்தது. கட்டடங்களுக்கு வரைபடம் கீறுவது என் வேலை என்பதால் என்னிடம் வந்தார்கள். கேணி, மடம், மாடுகள் உடம்பு உரோஞ்சும் கல், சுமைதாங்கி. எல்லாவற்றையும் அளந்து, சுமைதாங்கியைச் சுற்றி, உள்ளே போய்வரக் கேற் வைத்த ஒரு வேலிக்குப் படமும் கீறி, வாசகமும் எழுதிக் கொடுத்தேன்.

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊருக்கே அவர் மாஸ்ரர். கூட்டத்தில் சுமைதாங்கியின் வாசகத்தில் பேனையை வைத்தார்.

"பிள்ளை, திறப்பு விழாவுக்குக் கனடாவிலையிருந்து ஆக்கள் வருகினம். நல்ல காரியத்திலை செத்தவளின்ரை கதை என்னத்துக்கு?"

"கல்லை நட்டதே அதுக்குத்தானே, மாஸ்ரர்."

"ஓம், அது ஊருக்குத் தெரியும்தானே. தெரிஞ்சதை ஏன் எழுதுவான்?"

செயலாளர் சிரித்தார். "நீர் படத்தைக் கீறும் பிள்ளை. தமிழை மாஸ்ரர் பாப்பார்."

வந்த பலகையில் இருந்தவை: வழிப்போக்கர் இளைப்பாற இவ்வூர்ப் பெரியோர் அமைத்தது என்ற வரி, பலகைக்குக் காசு கொடுத்தவரின் பெயர், அவருடைய தகப்பனாரின் பெயர், இருவரின் பட்டங்கள். இல்லாதது: 'ஒரு பெண்' என்ற இரண்டு சொற்கள். கல்லுக்கு மஞ்சள் பெயின்ற். சுற்றிவர நெஞ்சளவு இரும்பு வேலி. என் படத்தில் இருந்த கேற்றை எடுத்துவிட்டார்கள். ஆட்கள் விளக்கு வைத்தால் எண்ணெய்க் கறை பிடிக்குமாம். பாரம் இறக்க நட்ட கல்லை யாரும் தொடமுடியாமல் அடைத்துவிட்டு, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தார்கள்.

விழா முடிந்து வந்த வெள்ளிக்கிழமை அம்மா விளக்கோடு போனார். விளக்கோடு திரும்பி வந்தார். எண்ணெய் குறையாத விளக்கு குசினி மேசையில் இருந்தது.

மறுநாள் காலை, சந்தி நிறைய ஆட்கள் நிற்கும் நேரம் பார்த்து, ஸ்பானரோடு போனேன். எந்தப் போல்ற் எங்கே என்று எனக்குத் தெரியும், நான் கீறியதுதானே. முன்பக்கத் துண்டைக் கழற்றும்போது மாஸ்ரர் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன பிள்ளை செய்யிறீர்?"

"கேற்றை விட்டிட்டியள், மாஸ்ரர். படத்திலை இருக்கு."

"சங்கத்தைக் கேட்டனீரே?"

"படத்திலை இருக்கிறது சங்கத்துக்குத் தெரியும்தானே. தெரிஞ்சதை ஏன் கேப்பான்?"

பக்கத்துக் கடையில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கழற்றிய துண்டு எங்கள் கிணற்றடிச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. சங்கம் ஆள் அனுப்பிக் கேட்கிறது. பலகையை மாற்றுங்கோ, பிறகு கதைப்பம் என்று சொல்லி அனுப்புகிறேன். பலகை இன்னும் மாறவில்லை. மஞ்சள் பெயின்றில், அம்மா கை ஊன்றும் இடத்துக்குப் பக்கத்தில், எண்ணெய்க் கறை நன்றாகவே பிடித்துவிட்டது.