பிலாத்து கை கழுவிய தண்ணீர்

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கோவிலில் சிலுவைப்பாதை நடக்கும். பதினான்கு நிலைகளையும் தெருத் தெருவாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். அந்தந்தத் தெருவில் ஒரு வீட்டார் சொந்தமாக நாலு வரி சிந்தனை எழுதி மைக்கில் படிக்க வேண்டும். இந்த வருஷம் முதல் நிலை எங்கள் வீட்டுக்கு வந்தது. இயேசுவுக்குச் சாவுத் தீர்ப்பு சொல்லிவிட்டு, இதில் எனக்குப் பங்கில்லை என்று பிலாத்து கை கழுவுகிற இடம்.

நான் சிதம்பரத்தில் பிறந்தவள். கல்யாணமாகி, கடலூருக்குப் பக்கத்தில் கெமிக்கல் கம்பெனிகளை ஒட்டின இந்த ஊருக்கு வந்த புதிதில், போர்வெல் தண்ணீரில் பாத்திரம் தேய்த்தால் கை சிவந்து அரிக்கும். சோப்பை மாற்றிப் பார்த்தேன். சோப்பு பாவம், அது என்ன செய்யும். இன்றைக்கும் குடிக்கக் கேன் தண்ணீர், கை கழுவ இந்தத் தண்ணீர்தான். ஆகவே பிலாத்து என்றதும் எனக்கு அந்த அரிப்புதான் ஞாபகம் வந்தது. அதையே எழுதி என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். அவர் முகம் செத்துப்போய்விட்டது.

அந்தக் கம்பெனிகளில் ஒன்றில் அவர் கான்ட்ராக்ட் ஆள். அங்கே யாரையும் வேலையை விட்டு நில் என்று சொல்வதில்லை. சொல்லி அனுப்புறோம் என்பார்கள். அதோடு சரி, வீட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்தக் கம்பெனி ஆபீசர் ஒருவர் எங்கள் கோவிலுக்குத்தான் வருகிறார்.

"பிலாத்துவோட நிறுத்திக்க. தண்ணி பேச்சே வேணாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

மகள் சிதம்பரத்தில் காலேஜ் படிக்கிறாள். அவர் பயந்ததில் என்ன தப்பு? எனக்கும்தான் பயம். வேறு எழுத உட்கார்ந்தேன். நீதி, அன்பு, அயலான் என்று வந்தது. யாரோ எழுதினது போல இருந்ததால் கிழித்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம், சிலுவைப்பாதையை நடத்துகிற உபதேசியார், மரியாதைக்கென்று, முதல் நிலைச் சிலுவையை அந்த ஆபீசர் கையிலேயே கொடுத்துவிட்டார். மைக்குக்கு நேர் எதிரே அவர் நின்றார். ஆண்டவரே, இந்த மைக் கெட்டுப்போகட்டும் என்றுகூட வேண்டினேன். அது என்றைக்கும் இல்லாத அழகாக வேலை செய்தது.

"பிலாத்து நம்ம ஊர்த் தண்ணியில கை கழுவியிருந்தா கை அரிச்சிருக்கும். அவ்ளோ சுலுவா மறந்திருக்க மாட்டான்" என்று படித்தேன்.

முழங்காலில் நிற்க வேண்டிய நேரம். யாரும் அசையவில்லை. உபதேசியார் கனைத்த பிறகுதான் ஒவ்வொருவராக மண்டியிட்டார்கள்.

முடிந்து வெளியே செருப்பு மாட்டும்போது ஆபீசர் எங்களிடம் வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. என் வீட்டுக்காரரிடம், எந்த கான்ட்ராக்டர்கிட்ட வேலை என்று கேட்டார். இவர் சொன்னார்.

"சரி. சொல்லி அனுப்புறேன்."

தண்ணீருக்கு ஏதாவது வழி செய்து சொல்லி அனுப்புவாரா, இல்லை எல்லோருக்கும் சொல்கிற அதேதானா? குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. வழி நெடுக இவர் எனக்கு நாலடி முன்னாலேயே விறுவிறுவென்று நடந்தார். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவினார். போனை எதிரே வைத்துக்கொண்டு, வழக்கம்போல இரண்டு உள்ளங்கையிலும் தேங்காய் எண்ணெய் தடவ ஆரம்பித்தார்.

"அரிக்கும்னு படிச்ச பாரு, அது கம்மி" என்றார். "எரியும்னு எழுதியிருக்கணும்."